பைலேரியா பொசிற்றிவ் என்று வந்த தோட்டக்காரர்: ஒரு நிகழ்வு ஆய்வு

61 வயது ஆண். யாழ்ப்பாணம் வலிகாமம் கிழக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். இரண்டு வருடமாக இருமல், இரவில் கூடுகிற மூச்சு முட்டு. எங்களிடம் வரும்போது கையில் ஒரு தனியார் ஆய்வுகூட அறிக்கை இருந்தது. அதில் "பைலேரியா அன்ரிபொடி: பொசிற்றிவ்" என்று ஒரே வரி. பைலேரியா என்பது யானைக்கால் நோயைத் தருகிற புழு; அன்ரிபொடி என்பது புழுவுக்கு எதிராக உடம்பு செய்கிற எதிர்ப்புப் பொருள். எந்த வகை அன்ரிபொடி, எந்தக் கிற், எந்தப் புழுவுக்கு எதிரானது என்று எதுவும் இல்லை. அந்த ஒற்றை வரியை நம்பி நாலு மாதச் சிகிச்சை நடந்து முடிந்திருந்தது. அவருக்கு இருந்தது வேறு புழு: மண்ணிலிருந்து தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் வாழ்கிற ஸ்ரொஞ்சிலோயிடிஸ். கொடுத்த மருந்துகளில் ஒன்று அந்தப் புழுவை ஒன்றும் செய்யாதது; இன்னொன்று அதற்குத் தீனி போட்டது மாதிரி.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி வந்த வழி

முட்டு கூடும்போதெல்லாம் அவருக்கு இன்ஹேலரோடு பிறெட்னிசொலோன் என்ற ஸ்ரெரோயிட் குளிசை ஐந்து நாள், ஏழு நாள் என்று கிடைத்து வந்தது. போட்ட மூன்றாம் நாள் மூச்சு இலேசாகும். விட்டால் ஒரு மாதத்தில் பழையபடி. ஒரு கட்டத்தில் முழு இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. வெண்குருதிக் கலம் 12,400. அதில் 25 வீதம், புழுவோ ஒவ்வாமையோ இருந்தால் கூடுகிற ஈசினோபில், அதாவது மைக்ரோலீற்றருக்கு 3,100. 500ஐத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டிய கலம் அது.

அவரைப் பார்த்த வைத்தியர் கேட்டார். இரவு இருமல், முட்டு, 3,000க்கு மேல் ஈசினோபில் என்று மூன்றும் சேர்ந்து வந்தால், இந்தப் பக்கத்தில் படித்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வெப்பவலய நுரையீரல் ஈசினோபீலியா. பைலேரியாப் புழுவின் குஞ்சுகளை நுரையீரல் அளவுக்கு மீறி எதிர்ப்பதால் வருகிற வருத்தம் அது. அதில் இரத்தப் பூச்சில் குஞ்சு தெரியாது, அன்ரிபொடிதான் உயர்ந்து நிற்கும். அதனால் அன்ரிபொடிப் பரிசோதனைக்கு எழுதினார். பரிசோதனைப் பட்டியில் கோடு விழுந்தது. இதுவரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நோயாளியின் பழைய கதையும் அந்தப் பக்கம்தான் கை காட்டியது. 1979இல் கொழும்பு, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலைக்குப் போனவர், 83 ஆடிக் கலவரத்தோடு ஊருக்குத் திரும்பினார். இலங்கையில் யானைக்கால் நோய் பரவியிருந்தது மேல், தென், வடமேல் ஆகிய மூன்று மாகாணங்களின் 8 மாவட்டங்களில். கொழும்பு அதில் ஒன்று. யாழ்ப்பாணம் அந்தப் பட்டியலில் என்றுமே இல்லை. நோயைக் கடத்துகிற கியூலெக்ஸ் நுளம்பு இங்கேயும் வீட்டுக்கு வீடு பாடினாலும், தொற்று இங்கே வேரூன்றவில்லை. 1947இல் தொடங்கிய யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 2002 முதல் 2006 வரை அந்த 8 மாவட்டங்களிலும் மக்களுக்கு மருந்து கொடுத்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக ஏற்றுக்கொண்டது. மலேரியா ஒழிப்புக்கான சான்றிதழும் அதே வருடம்தான் வந்தது.

40 வருடத்துக்கு முன் நாலு வருடம் கொழும்பில் இருந்த ஒருவருக்கு இப்போது பைலேரியாவால் நுரையீரல் வருத்தம் வருமா? வரவே முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் வளர்ந்த பைலேரியாப் புழுவின் ஆயுள் சராசரி 6 முதல் 8 வருடம். அந்தக் கணக்கை யாராவது ஒரு தடவை விரலில் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பைலேரியாவுக்கான மருந்தான டைஎதில்கார்பமசின் 100 மி.கி. வீதம் மூன்று வேளை, மூன்று கிழமை கொடுக்கப்பட்டது. உண்மையிலேயே பைலேரியா ஈசினோபீலியா என்றால் இந்த மருந்துக்குச் சில நாட்களிலேயே இருமல் தணியத் தொடங்கும். இவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. முட்டு கூடியது. திரும்பவும் பிறெட்னிசொலோன், இந்த முறை 30 மி.கி., பத்து நாள். ஐந்தாம் நாள் எடுத்த இரத்தத்தில் ஈசினோபில் 90. "குணமாகி வருகிறது" என்று குறிப்பில் எழுதப்பட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஸ்ரெரோயிட் யாருடைய ஈசினோபிலையும் இரண்டொரு நாளில் இறக்கிவிடும். புழு அப்படியே இருக்க, புழுவைக் காட்டிக்கொடுக்கிற கலம் மட்டும் மறைந்துபோகும். 3,100இலிருந்து 90க்கு இறங்கிய எண்ணைப் பார்த்து எல்லோரும் ஆறுதல் அடைந்த நாட்களில், குடலுக்குள் புழு பெருகிக்கொண்டிருந்தது.

வீட்டில் வேறொரு சுமை. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பைலேரியா என்றால் யானைக்கால் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்ததாக மனைவி பின்னர் சொன்னார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இவருக்குக் கால் வீங்குமோ டொக்டர்? ஆக்கள் பாத்தா விளங்குமோ?"

ஒரு பட்டியில் என்ன நடக்கிறது

விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் வைத்தால் கால் மணித்தியாலத்தில் கோடு காட்டும் பட்டிகளை டெங்குவும் கொரோனாவும் எல்லா வீட்டுக்கும் அறிமுகப்படுத்திவிட்டன. மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குக் கிற் செய்யாத ஆய்வுகூடம் இல்லை. அந்தப் பழக்கம் ஒரு பிழையான பாடத்தையும் சேர்த்துத் தந்திருக்கிறது: கோடு வந்தால் வருத்தம், வராவிட்டால் இல்லை.

பட்டியின் உள்ளே இருப்பது நைத்திரோசெலுலோசுத் தாள். இரத்தத்தின் நீர்ப்பகுதி அதில் ஊறிக்கொண்டு போகும். வழியில் தங்கத் துணிக்கைகள் பூசிய ஒரு பொருளைக் கரைத்துக்கொண்டு போகும். செவ்வூதாக் கோடாகத் தெரிவது இந்தத் தங்கம்தான். தாளின் குறுக்கே ஒரு மெல்லிய கோட்டில் ஒட்டிவைக்கப்பட்டிருக்கும் பொருள், தனக்குப் பொருத்தமானதைப் பிடித்து நிறுத்தினால் தங்கம் அங்கே சேர்ந்து நிறம் தெரியும். இரண்டாவதாக வருகிற கட்டுப்பாட்டுக் கோடு, நீர் சரியாக ஓடியது, தாள் பழுதில்லை என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது.

எல்லாம் அந்தக் கோட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டு வகை உண்டு. ஒன்று, புழு இரத்தத்தில் விடுகிற பொருளையே, அதாவது அன்ரிஜனைப் பிடிப்பது. யானைக்கால் ஒழிப்பு வேலையில் உலகம் முழுக்கப் பாவிக்கப்பட்ட பைலேரியா ரெஸ்ற் ஸ்ரிப் இந்த வகை. 75 மைக்ரோலீற்றர் இரத்தம், 10 நிமிடம். இலங்கையில் முக்கியமாக இருந்த வுச்செரேரியா பாங்க்ரொப்ரி என்ற புழு வளர்ந்து உயிரோடு இருந்தால் இது பெரும்பாலும் காட்டிவிடும். இரத்தத்தைப் பகலிலேயே எடுக்கலாம். இரத்தப் பூச்சு முறையில் இரவு 10 மணிக்குப் பிறகு எடுக்க வேண்டும், ஏனென்றால் குஞ்சுகள் இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். அந்தச் சிரமத்தை இந்தப் பட்டி நீக்கியது. அது பெரிய விஷயம். ஆனால் 10 நிமிடத்தில் வாசிக்க வேண்டியதைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அரை மணியில் வாசித்தால் இல்லாத கோடும் தெரியும். புரூகியா என்ற இன்னொரு பைலேரியாப் புழுவை இது காட்டாது. மத்திய ஆபிரிக்காவில் லோவா லோவா புழு உடலில் நிறைய இருப்பவர்களுக்கு இதே பட்டி பிழையாகப் பொசிற்றிவ் காட்டியிருக்கிறது. நல்ல கிற்றுக்கும் எல்லை உண்டு.

மற்றது, புழுவுக்கு எதிராக நம் உடம்பு செய்த அன்ரிபொடியைப் பிடிப்பது. இங்கே கோட்டில் ஒட்டியிருப்பது புழுவின் புரதம். என்ன புரதம், எப்படி எடுத்தது என்பதில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். புழுவை அப்படியே அரைத்து எடுத்த சாறு என்றால், உருளைப்புழுக் குடும்பத்தில் யாருக்கு எதிரான அன்ரிபொடி வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். பைலேரியாச் சாறு ஸ்ரொஞ்சிலோயிடிஸ் நோயாளியின் இரத்தத்தில் கோடு காட்டுவது பழைய பிரச்சினை. எழுத்தில் பதிவான பிரச்சினை. ஒரேயொரு புரதத்தைத் தெரிந்தெடுத்து ஆய்வுகூடத்தில் செய்து, எல்லா ஐ.ஜி.ஜி. அன்ரிபொடியையும் பிடிக்காமல் நீண்டநாள் புழுத் தொற்றில் உயர்கிற ஐ.ஜி.ஜி.4 என்ற உபவகையை மட்டும் பிடித்தால் நிலைமை நன்றாகத் திருந்தும். புரூகியாவுக்கான பி.எம்.ஆர்.1 புரதப் பட்டி, நதிக்குருட்டு நோய்க்கான ஓ.வி.16 பட்டி, ஸ்ரொஞ்சிலோயிடிசுக்கான என்.ஐ.ஈ. புரதப் பரிசோதனை எல்லாம் இந்த வழியில் வந்தவை.

எது எப்படியானாலும் அன்ரிபொடி என்பது பழைய சந்திப்பின் அடையாளம். புழு செத்துப் பல மாதம், சிலவேளை வருடக்கணக்கு ஆனாலும் அது கிடக்கும். டெங்குவில் வைரசின் அன்ரிஜனைப் பிடிக்கிற என்.எஸ்.1 கோட்டுக்கும் அன்ரிபொடியைப் பிடிக்கிற ஐ.ஜி.ஜி. கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்று விடுதியில் உள்ள தாதிக்கும் தெரியும். புழு என்று வந்ததும் அந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம்.

இவருக்குச் செய்தது எந்த வகை என்று பார்க்க அந்த ஆய்வுகூடத்துக்கே போனேன். வேலை செய்த பிள்ளை ஒளிக்கவில்லை. கிற் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "டெங்குக் கிற் மாதிரித்தான் டொக்டர் இதையும் செய்யிறம். கோடு வந்தா பொசிற்றிவ் எண்டு அடிச்சுக் குடுப்பம். இதுக்கெண்டு வாறதே வருசத்துக்கு ரெண்டு மூண்டு பேர்." பெட்டிக்குள் எட்டாக மடித்த துண்டுப் பிரசுரம், எறும்பளவு எழுத்து. ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற இரண்டு வகை அன்ரிபொடியையும் பிடிக்கிற வகை. 15 நிமிடத்தில் வாசிக்கவும், 20 நிமிடம் தாண்டினால் வாசிக்க வேண்டாம். கடைசிப் பந்திக்கு முந்தியதில், வேறு உருளைப்புழுத் தொற்று உள்ளவர்களில் பிழையான பொசிற்றிவ் வரலாம், இதை மட்டும் வைத்து நோயை நிர்ணயிக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. தயாரித்தவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். அந்த வசனம் பெட்டியோடு நின்றுவிட்டது, அறிக்கைக்கு வரவில்லை.

இடுப்பில் ஓடிய கோடு

அவர் எங்களிடம் வந்தது பிறெட்னிசொலோன் நிறுத்தி மூன்று கிழமைக்குப் பிறகு. இந்தத் தடவை முட்டு இரண்டாம் பட்சம். மேல் வயிற்றில் எரிவு, வயிற்றோட்டம், நாலு கிலோ எடை இழப்பு. நிறை 54 கிலோ. ஈசினோபில் திரும்பவும் 2,600.

கால்களில் வீக்கம் இல்லை. பாதம் பிளந்து, நகக்கண்ணில் செம்மண் படிந்து, செருப்புப் போட்ட அடையாளமே இல்லாத கால்கள். எங்கள் தோட்டங்களில் தண்ணி மாறுகிற வேலை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கிணற்றில் மெசின் இறைக்க, ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று ஒவ்வொரு பாத்தியாக வெட்டித் திறந்து மூடிக்கொண்டு போக வேண்டும். சேற்றில் செருப்பு நிற்காது. 40 வருடமாகக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், மணிக்கணக்கில் ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றவர் இவர்.

சாரத்தைச் சற்றுத் தளர்த்தச் சொன்னபோது இடுப்புக்குக் கீழே, வலது பக்கத்தில், சிவந்து தடித்த ஒரு வளைந்த தடம் தெரிந்தது.

"இது எப்ப ஐயா வந்தது?"

"இது இண்டைக்கு விடிய வந்தது. ஆனா வந்து வந்து போறது தம்பி, கன வருசமா. கடிக்கும், சொறிஞ்சா ஓடும். பின்னேரம் பாத்தா இராது. புகையிலைக் கடி எண்டு விட்டுட்டன்."

கடி என்று அவர் சொன்னது அரிப்பைத்தான். புகையிலைத் தோட்டத்தில் தோல் கடிப்பது வழமை என்பதால் அவர் சொன்ன காரணத்தில் பிழை காண முடியாது. ஆனால் 'சொறிஞ்சா ஓடும்' என்றதை விட முடியவில்லை. குமிழ்முனைப் பேனாவால் தடத்தின் இரண்டு நுனியிலும் புள்ளி வைத்துவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போனோம். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் முன்நுனி புள்ளியைத் தாண்டி நாலு விரல் அகலம் போயிருந்தது. நாய் பூனையின் கொழுக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலில் அலையும்போது ஒரு நாளைக்கே ஓரிரு சென்ரிமீற்றர்தான் நகரும். மணிக்கு 5, 10 சென்ரிமீற்றர் ஓடுவது ஸ்ரொஞ்சிலோயிடிஸ் குஞ்சு. தோலில் இந்த வேகத்தில் தடம் போட்டுக்கொண்டு ஓடினால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். காசு கொடுத்து வாங்கிய கிற்றை விட அன்றைக்கு அந்தப் பேனா கூடச் சொன்னது.

மலப் பரிசோதனை மூன்று நாள் தொடர்ந்து அனுப்பினோம். முதல் இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை, எதிர்பார்த்ததுதான். இந்தப் புழுவின் பெண் இரண்டு மில்லிமீற்றர் நீளத்தில் சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கிடந்து, ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். முட்டை குடலிலேயே பொரித்து, மலத்தில் வருவது சொற்பக் குஞ்சுகள். ஒரேயொரு மல மாதிரியை நேரடியாகப் பார்த்தால் பாதிக்கு மேல் தவறிப்போகும். ஆகவே மூன்றாவது மாதிரியை, பக்ரீரியா வளர்க்கிற ஏகார்த் தட்டில் வைக்கச் சொன்னோம். இரண்டாம் நாள் ஒட்டுண்ணியியல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நடுவில் மலத்துளி; அதிலிருந்து நாலா பக்கமும் நெளிந்து நெளிந்து போகிற புள்ளிக் கோடுகள். குஞ்சுகள் ஊர்ந்த வழியெல்லாம் குடல் பக்ரீரியாவை இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. அந்தப் பக்ரீரியா வளர்ந்து தடத்தை வரைந்துவிட்டது. நுணுக்குக்காட்டியில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

பைலேரியாவைச் சும்மா ஒதுக்கிவிடவும் விரும்பவில்லை. இரவு 11 மணிக்குப் பிறகு எடுத்த இரத்தப் பூச்சில் குஞ்சு இல்லை. அன்ரிஜன் பட்டி நெகற்றிவ். நேர்மையாகச் சொன்னால், வெப்பவலய நுரையீரல் ஈசினோபீலியாவில் இந்த இரண்டுமே நெகற்றிவாக இருக்கக்கூடும். இவை மட்டும் போதாது. மூன்று கிழமை மருந்துக்கு அசையாத இருமலையும் தட்டில் ஓடிய குஞ்சையும் சேர்த்து வைத்துத்தான் அந்தப் பக்கத்தை மூடினோம். கொழும்பு ஊடாக இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரொஞ்சிலோயிடிஸ் ஐ.ஜி.ஜி. எலைசா (ஆய்வுகூடத்தில் செய்கிற அன்ரிபொடிப் பரிசோதனை) முடிவு உயர்ந்த பொசிற்றிவாக வந்தது, ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் வந்தது. விரைவுப் பரிசோதனை எதற்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். இந்தப் புழுவுக்கு நம்பத்தகுந்த ஒரு விரல்நுனிப் பட்டி மாவட்ட மட்டத்தில் இருந்தால், ஸ்ரெரோயிட் எழுதுவதற்கு முன் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அந்தக் கோடு பொய்யா?

இல்லை. பட்டி தன் வேலையைச் சரியாகவே செய்தது. அவருடைய இரத்தத்தில் உருளைப்புழுவுக்கு எதிரான அன்ரிபொடி ஏராளமாக இருந்தது. பட்டியில் இருந்த புரதத்தில் அது ஒட்டிக்கொண்டது. கொழும்பில் இருந்த காலத்துச் சந்திப்பு இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு சாத்தியமும் உண்டு. இலங்கை நாய்களில் டைரோபைலேரியா ரெப்பென்ஸ் என்ற புழு மிகச் சாதாரணம். நுளம்பு வழியாக மனிதருக்கும் வந்து, கண் இமையிலோ சிறுவர்களின் விதைப்பையிலோ கட்டியாக நிற்கும். வெட்டி எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். பைலேரியாக் குடும்பத்துப் புழு என்பதால் அதன் தொற்றும் இப்படியான பட்டியில் கோடு போடக்கூடும். ஒழுங்கை முழுக்க நாய் படுத்திருக்கிற ஊரில் இதை மறந்துவிடக் கூடாது.

பட்டியின் தரத்தைத் தாண்டி ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 95 வீதம் துல்லியமாக நோயற்றவரை நோயற்றவர் என்று சொல்கிற பட்டி ஒன்றை வைத்துக்கொள்வோம், மோசமில்லாத பட்டி. ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருக்கிற ஊரில் அந்த ஆயிரம் பேருக்கும் செய்கிறோம். உண்மையான ஒருவர் அகப்படுவார். நோயில்லாத 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கும் கோடு விழும். அறிக்கையோடு வருகிற 51 பேரில் 50 பேருக்கு நோய் இல்லை. இதே பட்டியை ஐந்தில் ஒருவருக்கு நோயுள்ள ஊரில் செய்தால், 200 உண்மைக் கோட்டுக்கு 40 பொய்க் கோடு. கிற் மாறவில்லை, ஊர்தான் மாறியது. யாழ்ப்பாணத்தில் பைலேரியா அன்ரிபொடி கேட்பது முதல் வகை ஊரில் கேட்பது. ஈசினோபில் கூடிய, வெறுங்காலோடு மண்ணில் நிற்கிற ஒரு கமக்காரரிடம் ஸ்ரொஞ்சிலோயிடிஸ் கேட்பது இரண்டாம் வகைக்குக் கிட்டவாக வரும்.

இதைச் சொல்லும்போது ஒரு சக வைத்தியர், "எல்லோருக்கும் பூச்சிக் குளிசை கொடுத்துவிட்டால் சோலி முடிந்தது" என்றார். முடியாது. இவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மெபென்டசோல் ஒற்றைக் குளிசை போட்டு வந்தவர். கொழுக்கிப்புழு, சாட்டைப்புழு போன்றவற்றின் தொகையைக் குறைக்க அந்த முறை உதவும். ஸ்ரொஞ்சிலோயிடிஸை அது பெரிதாகத் தொடாது.

சிகிச்சையும் பயமும்

இந்தப் புழுவுக்கு மற்றப் பெரும்பாலான புழுக்களிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. குடலில் பொரித்த குஞ்சு வெளியே போகாமலே வளர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து அதே ஆளைத் திரும்பத் தொற்றும். அதனால் ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் இருக்கலாம். பர்மா–சயாம் ரயில் பாதை போட வைக்கப்பட்ட போர்க் கைதிகள் சிலரிடம் 40 வருடத்துக்குப் பிறகும் இந்தப் புழு கண்டுபிடிக்கப்பட்டது. மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாக மாண்ட அதே பாதைதான். அவர்களை யாரும் 40 வருடம் பின்தொடர்ந்து பரிசோதிக்கவில்லை.

உடம்பின் எதிர்ப்பு நன்றாக இருக்கும்வரை புழுவின் தொகை கட்டுக்குள் இருக்கும். ஸ்ரெரோயிட் கொடுத்தால் கட்டு அவிழும். குஞ்சுகள் இலட்சக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று பரவும்போது குடல் பக்ரீரியாவையும் காவிக்கொண்டு போகும். இரத்தத்தில் நஞ்சூட்டல், மூளைக்காய்ச்சல் என்று ஆளையே கொண்டுபோய்விடும். ஏகார்த் தட்டில் நாங்கள் பார்த்த தடம், உடம்புக்குள் நடந்தால் அதுதான். இரண்டு வருடத்தில் எத்தனையோ பிறெட்னிசொலோன் தவணை வாங்கிய இவர் அந்தக் கட்டம் வரைக்கும் போகாதது அவருடைய அதிர்ஷ்டம்.

ஆகவே முதல் வேலை, அவருடைய அட்டையில் பெரிய எழுத்தில் ஸ்ரெரோயிட் வேண்டாம் என்று எழுதியது. அப்புறம் ஐவர்மெக்ரின். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 12 மி.கி., இரண்டு நாள் தொடர்ச்சியாக. இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் அதே அளவு. எந்த மருந்துக்கடையிலும் உடனே கிடைக்கிற மருந்து அல்ல அது. தேடி எடுக்கும்வரை அல்பென்டசோல் 400 மி.கி. இருவேளை கொடுத்தோம். அது இரண்டாந்தரம்தான், ஆனாலும் சும்மா இருப்பதைவிட மேல்.

வயிற்றெரிவு முதலில் நின்றது. ஓடுகிற தடம் பிறகு வரவே இல்லை. ஒரு மாதத்தில் ஈசினோபில் 900, மூன்று மாதத்தில் 380, ஸ்ரெரோயிட் இல்லாமல். முட்டு முழுதாகப் போகவில்லை. 40 வருடச் சுருட்டும் அவருடைய நுரையீரலில் பங்கு கேட்கிறது. இன்ஹேலரோடு சமாளிக்கிறார்.

எலைசாவைத் திரும்பச் செய்ய அவசரப்படவில்லை. அந்த அளவு இறங்க 6 முதல் 12 மாதம் எடுக்கும். இரண்டாம் மாதத்தில் செய்து பொசிற்றிவ் என்று திரும்பவும் வீட்டைக் கலக்குவதில் பயனில்லை. இறங்காவிட்டால் அப்போது திரும்ப மருந்து கொடுக்க வேண்டிவரும். அந்தப் பழைய பைலேரியாக் கிற்றைத் திரும்பச் செய்து பார்க்கலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றோம். கோடு வந்தாலும் வராவிட்டாலும் அப்பாவின் சிகிச்சையில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று விளங்கப்படுத்தியதும் சரி என்றார். யானைக்கால் இல்லை என்று தமிழில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதி, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தோம்.

அந்த ஆய்வுகூடம் இப்போது அறிக்கையில் எந்த வகை அன்ரிபொடி, என்ன கிற் என்பதையும், பிரசுரத்திலிருந்த அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து அடிக்கிறது. எழுதுகிற வைத்தியர்களும் நோயாளி எங்கெங்கே வாழ்ந்தார், ஈசினோபில் எவ்வளவு, ஸ்ரெரோயிட் எடுக்கிறாரா என்ற மூன்றையும் கோரிக்கைத் தாளில் எழுதினால் ஆய்வுகூடத்துக்கும் உதவியாக இருக்கும். வெறுமனே "பைலேரியா" என்று கிறுக்கி அனுப்பினால் அவர்களும் வெறுமனே ஒரு சொல்லைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

மனைவியையும் மகளையும் பார்த்தோம். மகள் தோட்டத்தில் இறங்குவதில்லை. ஈசினோபில் 200, ஏகார்த் தட்டு வெறுமை. மனைவி வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்குகிறவர், அதுவும் வெறுங்காலோடு. அவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஈசினோபில் 800. முதல் தட்டில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் தடம் வந்தது. அவருக்கும் ஐவர்மெக்ரின் கொடுக்கப்பட்டது.